பெரியப்பாவுக்கு நடை வந்துவிட்டது, ரகம் வரவில்லை

போன வருஷம் மாங்காய் சீசன் தொடங்குகிற நேரத்தில், கிருஷ்ணகிரியில் மண்டி வைத்திருக்கும் என் பெரியப்பா தலை சுற்றி, வாந்தி எடுத்து, சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். சிறுமூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தது. மூன்று மாதத்தில் நடை திரும்பியது, மண்டிக்கும் போக ஆரம்பித்தார். சரி, கண்டம் தாண்டியாச்சு என்று நிம்மதியானோம்.

ஆனால் லோடு வண்டியைப் பார்த்ததுமே எத்தனை டன் தேறும், கூழ் ஆலைக்கு எவ்வளவு, சந்தைக்கு எவ்வளவு என்று வாய்க்கணக்காகவே சொல்கிற மனுஷன், சிட்டையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "பெரியப்பா, நம்ம மண்டிக்கு வர்ற ரகமெல்லாம் சொல்லுங்க" என்றேன். "பெங்களூரா, செந்தூரா..." நின்றுவிட்டார். "மல்கோவா." அப்புறம் மறுபடியும் "பெங்களூரா". ஒரு நீலம் பழத்தை எடுத்து நீட்டியதும் பெயர் சட்டென்று வந்தது!

வயசாகிவிட்டது என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு கேட்கவில்லை, படிக்க ஆரம்பித்தேன்.

சிறுமூளை என்றால் உடம்பு தள்ளாடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான் பள்ளியில் சொன்னது. 1998இல் ஜெரமி ஷ்மாமன், ஜேனட் ஷெர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பாதிப்பு சிறுமூளையோடு நின்றிருந்த 20 பேரைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள்: திட்டமிடுவது, சொற்களைச் சரளமாக எடுப்பது, இட உணர்வு, குணம் எல்லாமே தடுமாறலாம். கால் வைக்கிற இடம் தப்புவதுபோல எண்ணமும் அளவு தப்புகிறது என்பது ஷ்மாமனின் விளக்கம். மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், என்றால் அதில் 6,900 கோடி, மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கே இருக்கிற இந்தச் சிறுமூளைக்குள்தான். அதன் வலப்பக்கம் பெருமூளையின் இடப்பக்கத்தோடு இணைந்திருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு மொழி அங்கேதான். பெரியப்பாவுக்கு ஏன் சொல் சிக்குகிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது சிறுமூளையில் அடைப்பு வந்திருந்தால், நடை சரியானதும் விட்டுவிடாதீர்கள். கணக்கு, பேச்சு, கோபதாபம் எல்லாவற்றையும் கவனித்து நரம்பு மருத்துவரிடம் சொல்லுங்கள். நாங்கள் அதைச் சொல்லவே நாலு மாதம் தாமதித்துவிட்டோம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது பேச்சுப் பயிற்சி நடக்கிறது. மண்டியில் அண்ணன் பையன் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டை எழுதுகிறான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் ரகம் சொல்லச் சொல்கிறோம். நேற்று ஏழு வந்தது, நீலமும் சேர்த்து.