அவுன்ஸுக்கு நான்கு ஃப்ளோரின்

திருப்பூரில் டையிங் லேபில் காலம் தள்ளுகிறவனுக்கு ஒரு நிறத்தைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி "இதுக்கு என்ன செலவாகும்?" என்பதுதான். அழகு, அர்த்தமெல்லாம் அப்புறம். இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நீலம் என்றால் வானம், தூய்மை. சிவப்பு என்றால் ரத்தம், தியாகம். இப்படி ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து ஒப்பந்தங்களையும் ஓவியர்களின் செய்முறைக் குறிப்புகளையும் படிக்கப் படிக்க, இந்தப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போகிறது.

இடைக்காலம் முடிகிற நேரம், 1485. ஃப்ளாரன்ஸில் அநாதைக் குழந்தைகளுக்கான ஒரு இல்லம், பீடத்துக்கு மேலே வைக்க ஒரு படம் வேண்டும் என்று கிர்லாந்தாயோ என்ற ஓவியரிடம் ஒப்பந்தம் போடுகிறது. மொத்தத் தொகை 115 ஃப்ளோரின், அந்த ஊர்த் தங்க நாணயம். நீலம் அல்ட்ராமரைன் என்ற உயர்தர நீலமாகவே இருக்க வேண்டும், அதுவும் அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் மதிப்புள்ள தரத்தில் என்று அதில் எழுதியிருக்கிறது. வானத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, தரமும் விலையும்தான். எங்களிடம் துணி வாங்கும் பையர்களும் இப்படித்தான். ஷேடு எந்த உணர்வைத் தர வேண்டும் என்று எவனும் கேட்பதில்லை, எந்த கிரேடு சாயம் என்றுதான் கேட்பான்.

இயேசுவின் தாயான மாதாவுக்கு நீல உடை ஆதியிலிருந்தே வந்ததும் இல்லை. கிழக்கு ரோமப் பேரரசின் பைசாண்டியப் படங்களைப் பார்த்தால் மேலே போர்த்தியிருக்கும் துணி பெரும்பாலும் கருஞ்சிவப்பு. மேற்கே நீலம் நிலைத்ததற்கு இறையியல் காரணங்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை மாதாவுக்குக் கொடுப்பது என்பதே ஒரு காணிக்கை. படத்தைப் பார்க்கிறவனுக்கும் அந்த விலை ஓரளவு தெரியும்.

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது நேஷனல் கேலரியில் வில்டன் டிப்டிக் என்ற இரட்டைப் பலகைப் படத்தைப் பார்த்தேன். 1395-1399 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டு ராஜாவுக்காகச் செய்தது. இரண்டு பலகை, ஒவ்வொன்றும் சுமார் 53க்கு 37 செ.மீ., புத்தகம் போல மூடலாம். இடது பலகையில் ராஜா மண்டியிட்டிருக்கிறார். வலது பலகையில் மாதா, குழந்தை, சுற்றிலும் பதினொரு தேவதூதர்கள். இதில் மாதாவுக்கு மட்டுமில்லை, பதினொரு பேருக்கும் நீல உடை, எல்லாம் அல்ட்ராமரைன். கண்ணாடிக்கு மூக்கை ஒட்டி நின்று பார்த்தேன். மடிப்புக்குள் கருநீலம், மேட்டில் வெள்ளை கலந்த இளநீலம், இரண்டுக்கும் நடுவே திட்டு இல்லாமல் ஓடுகிறது. மகள் கையைப் பிடித்து இழுக்கும்வரை மனசு கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த நீலத்துக்கான கல் லாபிஸ் லாசுலி. ஆப்கானிஸ்தானில் பதக்‌ஷான் மலைகளில் உள்ள சர்-இ-சங் சுரங்கத்திலிருந்து அது ஐரோப்பா வரை போனது. கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் பூத்த ஒரு பொடிதான் கிடைக்கும், ஏனென்றால் உள்ளே சுண்ணாம்புக் கனிமமும் பைரைட்டும் கலந்திருக்கின்றன. பிரித்தெடுக்கும் வழியை 1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பவுண்டு கல்பொடிக்கு ஆறு அவுன்ஸ் பைன் பிசின், மூன்று அவுன்ஸ் மாஸ்டிக் பிசின், மூன்று அவுன்ஸ் புது மெழுகு. உருக்கி, கல்பொடியோடு உருண்டையாக்கி, மூன்று நாளாவது வைத்திருந்து தினமும் பிசைய வேண்டும். பிறகு வெதுவெதுப்பான காரநீரில் போட்டு இரண்டு குச்சியால் அழுத்தினால் நீலம் மட்டும் நீரில் இறங்கும், கசடு உருண்டையிலேயே தங்கிவிடும். முதல் இரண்டு இறக்கம் அவுன்ஸ் எட்டு டூகாட் (இதுவும் தங்க நாணயம்தான்) பெறும், கடைசி இரண்டும் சாம்பலைவிட மட்டம் என்கிறார். இதைப் படித்தபோது எழுந்து அவருக்குக் கை கொடுக்கலாம் போல இருந்தது.

அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். இந்த வேலைக்கு ஆண்களைவிட அழகான இளம்பெண்கள்தான் சரி, எப்போதும் வீட்டில் இருப்பார்கள், கையும் மென்மையாக இருக்கும். ஆனால் கிழவிகளிடம் ஜாக்கிரதை! கிழவிகள் அவருக்கு என்ன செய்தார்களோ.

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தபோது சென்னினியின் இந்த வரிதான் நினைவுக்கு வந்தது. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற ஊரின் பழைய கன்னியர் மடத்து இடுகாட்டில் எடுத்த ஒரு பெண்ணின் பற்காரையில் நீலத் துகள்கள் இருந்தன. சோதித்தால் லாபிஸ். இறந்தது 11 அல்லது 12ஆம் நூற்றாண்டில், வயது 45க்கும் 60க்கும் நடுவில். தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கியிருக்கலாம், அல்லது கல்லை அரைக்கும்போது தூசி வாய்க்குள் போயிருக்கலாம். அந்தக் காலகட்டத்தில் கையெழுத்துப் பிரதிகளுக்கு வண்ணம் தீட்டியது ஆண் துறவிகள்தான் என்றுதான் இதுவரை பொதுவாக நினைத்திருந்தார்கள். அவ்வளவு விலையுள்ள பொருளை அந்த மடம் ஒரு நடுவயதுப் பெண்ணை நம்பிக் கொடுத்திருக்கிறது. அந்த மடம் 14ஆம் நூற்றாண்டில் தீக்கிரையானது, அவள் வரைந்த பக்கம் எதுவும் நம்மிடம் இல்லை.

நல்லவேளை, அது லாபிஸ். ஆர்பிமென்ட் என்ற மஞ்சள் ஆர்சனிக் சேர்மம், வாயில் படாமல் பார்த்துக்கொள் என்று சென்னினியே எச்சரிக்கிறார். அவருடைய கடைக்காரப் புத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாதரசமும் கந்தகமும் சேர்த்துச் செய்யும் வெர்மிலியன் சிவப்பை மருந்துக் கடையில் கட்டியாகவே வாங்கச் சொல்கிறார். பொடியாக வாங்கினால் ஈயச் செந்தூரமோ செங்கல் தூளோ கலந்திருப்பார்களாம்.

நிறம் நிற்குமா என்பது அடுத்த தலைவலி. இத்தாலியின் அசிசியில் சிமாபுவே என்ற ஓவியர் 1280 வாக்கில் வரைந்த சிலுவைக் காட்சியில் ஈய வெள்ளை ஆக்சிஜனேற்றத்தால் கறுத்துப்போய், இன்று படமே பழைய போட்டோ நெகட்டிவ் மாதிரி நிற்கிறது. அதே நாட்டில் பாதுவாவில், ஜோட்டோ என்ற ஓவியர் சுவரோவியம் தீட்டிய தேவாலயத்தில் பல உடைகளின் நீலம் உதிர்ந்துவிட்டது. அங்கே பூசியது அசுரைட் என்ற செப்புக் கனிமம். ஈரச் சுவரில் அது சரிவராது, காய்ந்த பிறகு பசையோடு பூச வேண்டும், அதனால் சுவரோடு ஒன்றாமல் காலப்போக்கில் கழன்றுவிடும்.

1824இல் ஃபிரான்சில், செயற்கை அல்ட்ராமரைன் செய்பவருக்கு 6000 ஃப்ராங்க் பரிசு என்று அறிவித்தார்கள். 1828இல் கிமே என்பவர் அதை வாங்கிக்கொண்டார். களிமண், சோடா, கந்தகம், கரி, அவ்வளவுதான் மூலப்பொருள். வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் அந்தச் சரக்குதான். மாதாவை அதற்குப் பிறகும் நீலத்தில்தான் வரைந்தார்கள், ஆனால் நீலத்தின் ரேட்டை ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.