மூடியை இறுக்கக் கூடாது

"இறுக்காதீங்க, இறுக்காதீங்க"ன்னு கையாலயே சுத்திக் காமிச்சாங்க பாட்டில் வித்த அந்தம்மா. பாட்டில் மூடியை நான் முழுசா திருகிட்டேன், பதறிப்போய் வாங்கி அவங்களே லூஸாக்கிக் கொடுத்தாங்க.

செக் நாட்டு பிர்னோ நகரத்துல ஜெல்னி த்ருஹ் சந்தை, பேருக்கு அர்த்தமே முட்டைக்கோஸ் சந்தைதான். பாட்டில்ல இருந்தது புர்ச்சாக், பாதி மட்டும் புளிச்ச திராட்சைச் சாறு, கலங்கலா மஞ்சளா இருக்கும். இன்னும் பொங்கிக்கிட்டே இருக்கும், இறுக்கி மூடினா வெடிச்சிடும். செக் நாட்டுல விளைஞ்ச திராட்சையில செஞ்சா மட்டும்தான் இந்தப் பேர்ல விக்கலாம், அதுவும் ஆகஸ்ட் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும்தான்.

பையில உருளைக்கிழங்கு, பிளம்ஸ், சோம்பு மாதிரி வாசம் வர்ற கேரவே விதை போட்ட ரொட்டி. அதுக்கு நடுவுல பாட்டிலை நிமித்தியே பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பெத்ரோவ் குன்று மேல இருக்கிற சர்ச் மணி அடிக்குது.

மணி பதினொண்ணுதான். ஆனா இங்க மதிய மணி அது. 1645ல ஸ்வீடன் படை ஊரைச் சுத்தி நின்னப்போ, மத்தியானத்துக்குள்ள பிடிக்கலன்னா கிளம்பிடுறேன்னு தளபதி சொன்னாராம், ஊர்க்காரங்க ஒரு மணி நேரம் முன்னாடியே மணியை அடிச்சிட்டாங்களாம். கதையோ நிஜமோ, இன்னிக்கும் பதினொண்ணுக்குத்தான் அடிக்குது.

மணி ஓஞ்சதும் பக்கத்துக் கடை வாசல்ல சூப் வாசனை வர ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடிச்சிருந்தது. ஒரு ஊர் தன் பசியைத் தானே நேரம் வெச்சு காப்பாத்திட்டு வர்ற மாதிரி.

இப்ப வீட்ல மேஜை மேல பாட்டில் நிக்குது. காதைக் கிட்ட வெச்சா உள்ள சன்னமா உஸ்ஸுன்னு சத்தம்.