பரணில் இருந்து இறங்கிய டிவி கேமுக்கு மார்க் போடுகிறேன்

போன மாதம் காவேரிப்பட்டணம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைக் காலி செய்தபோது பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் அவர் பெயர், தெரு, அதற்குக் கீழே ‘தருமபுரி மாவட்டம்’. எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்தது 2004இல். பெட்டி அதைவிட ஐந்து வயது மூத்தது.

1999 கோடையில் அப்பா லாரியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு மும்பை போனார். திரும்பி வரும்போது கொண்டுவந்தது இது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. நாங்கள் இதை டிவி கேம் என்றுதான் சொல்வோம். 1983இல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் இது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கேசட் மேல் 99,99,999 கேம் என்று அச்சடித்திருந்தார்கள். உள்ளே இருந்தது பதினைந்துக்குள்தான். அதே கேமை வேறு பெயரிலும் வேறு ஸ்டேஜிலும் தொடங்க வைத்துப் பட்டியலை நீட்டியிருந்தார்கள். ஒரு லீவு முழுக்க அந்தப் பட்டியலின் கடைசிக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தம்பி பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

அடாப்டர் செத்துப்போயிருந்தது. ரேடியோ ரிப்பேர் கடை அண்ணன் 9 வோல்ட்டில் வேறு ஒன்று கொடுத்தார். பின்னின் நடுவில் மைனஸ் வர வேண்டும் என்று சொல்லி அவரே வயரை மாற்றி ஒட்டினார். கேசட் பின்களை இங்க் ரப்பரால் தேய்த்தேன். சின்ன வயதில் வாயால் ஊதுவோம். அது தப்பு. வாய் ஈரம் பட்டால் பின் கறுத்துப்போகும். அன்றைக்கு ஊதியதால் கேம் வந்தது என்று நினைத்தோம், உண்மையில் கழற்றி மறுபடி செருகியதால்தான் வந்தது.

ஓசூரில் இருந்து தம்பி சனிக்கிழமை வந்தான். மாம்பழக்கூழ் கம்பெனியில் கணக்கு பார்க்கிற எனக்கு சீசன் முடிந்தால்தான் மூச்சுவிட நேரம். இரண்டு பேரும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு கேமுக்கும் மார்க் போட்டோம்.

சரி, முதலில் வாத்து சுடுகிற கேம், டக் ஹன்ட். ஹாலில் இருக்கிற எல்இடி டிவியில் மாட்டினோம். ஒரு வாத்து கூட விழவில்லை. தம்பி மகள் கேம் துப்பாக்கியைத் திரையில் முட்ட வைத்துச் சுட்டும், குறி தப்பினால் கேமில் எழுந்து சிரிக்கிற நாய்தான் சிரித்தது. துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே போவதில்லை, அது ஒளியைப் பார்க்கிற ஒரு கண். டிரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெள்ளையைத் துப்பாக்கி பார்த்துவிட்டால் வாத்து விழும். பழைய டியூப் டிவி அந்தக் கட்டத்தை உடனே காட்டும். புது டிவி படத்தை வாங்கிச் சரிசெய்து காட்டுவதற்குள் நேரம் தப்பிவிடுகிறது. மாட்டுக்கொட்டகையில் கிடந்த 14 இஞ்ச் போர்ட்டபிள் டிவியைத் துடைத்து மாட்டினோம். முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. குழந்தை கத்திய கத்தலுக்கு அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தார். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் ஆடவில்லை. 5.

சர்க்கஸ் சார்லி, சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையம் தாண்டுவது. அன்றைக்கு உயிர். இன்றைக்கு 4.

ரோடு ஃபைட்டருக்கு 7. அதில் 2 மார்க் அப்பா போட்டது. இன்னொரு வண்டி இடித்தால் நம் கார் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போகும், உடனே எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் நிமிர்ந்துவிடும். பெட்ரோல் குறைந்துகொண்டே வரும், அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. எங்கள் வீட்டில் அப்பா ஆடிய ஒரே கேம் இதுதான். தொப்பூர் கணவாயில் மழை நேரத்தில் வண்டி இழுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தத் திரையைக் காட்டித்தான். பிரேக்கை மிதிக்காதே, கையை அவசரப்படுத்தாதே என்பார். எழுபது வயதில் இந்த முறையும் ஜாய்ஸ்டிக்கை வாங்கி, இரண்டு தடவை இடித்துவிட்டு, மூன்றாவது தடவை நிமிர்த்திக் காட்டினார்.

இரண்டு பேர் சேர்ந்து ஓடி ஓடிச் சுடுகிற கான்ட்ராவில் ஒரு ரகசியப் பட்டன் வரிசை உண்டு: மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இதைத் தம்பியால் வாயால் சொல்ல முடியவில்லை, விரல் தானாக அழுத்தியது. மூன்று உயிர் முப்பதாகிவிடும். கான்ட்ராவைச் செய்த கொனாமி கம்பெனியில் கசுஹிசா ஹஷிமோடோ என்பவர் 1986இல் கிரேடியஸ் என்ற வேறு கேமைச் சோதித்துப் பார்க்கும்போது அது தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்ட வழி அது. எடுக்காமல் விட்டதால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் கைக்கு வந்தது. அவர் 2020இல் இறந்தபோது செய்தியைத் தம்பிக்கு அனுப்பினேன், அவன் போன் பண்ணிவிட்டான். மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் ஒருவர் வேகமாக மேலே ஏறினால் கீழே இருப்பவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். சின்ன வயதில் நான் ஏறிக்கொண்டே இருப்பேன், அவன் அழுவான். இந்த முறை ஒவ்வொரு பாறையிலும் நின்று, “வந்துட்டியாடா?” என்று கேட்டுக் கேட்டு ஏறினேன். “நீ போ அக்கா, நான் வந்துடுவேன்” என்றான். 8.

அப்புறம் மரியோ. 1985இல் வந்தது, எட்டு உலகம், முப்பத்திரண்டு ஸ்டேஜ். மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது, வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படமே இதைவிடப் பெரிது. இடத்தை மிச்சம் பிடிக்க, வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கிற புதருக்கும் ஒரே படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள், நிறம் மட்டும் வேறு. இத்தனை வருடம் கண்ணில் படாத விஷயம், காட்டியதும் அம்மாவுக்கே புரிந்தது. குதிப்பதில் இருக்கிற கனம், பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம், எதுவும் பழசாகவில்லை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது. ஒருவர் சாகும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். நான் நன்றாக ஆட ஆடத் தம்பி காத்திருந்த நேரம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அவன் என் பக்கத்திலேயே தூங்கிப்போவது எனக்கு நினைவிருக்கிறது, ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்காக ஒன்றரை மார்க் குறைத்தேன். 8.5. தம்பி 10 போட்டிருக்கிறான்.

என்னிடம் 10 வாங்கியது டேங்க் கேம், பேட்டில் சிட்டி. நாம்கோ செய்தது, இதுவும் 1985தான். கீழே நடுவில் ஒரு கழுகு, அதைச் சுற்றிச் செங்கல். மேலே இருந்து ஒரு ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்க் வரும். கழுகு விழுந்தால் இரண்டு பேருக்கும் முடிந்தது. தம்பியின் குண்டு என் மேல் பட்டால் நான் கொஞ்ச நேரம் உறைந்து நிற்பேன், நம் குண்டு பட்டாலும் கழுகு போய்விடும். அதனால் பேசிக்கொண்டே ஆட வேண்டும். நீ இடது பக்கம், நான் வலது பக்கம், அந்தச் சிவப்பு டேங்கை விடாதே. மற்ற எந்தக் கேமிலும் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்று அதில் உண்டு, நாமே மைதானம் கட்டலாம். நாங்கள் எங்கள் ஊரைக் கட்டுவோம். நீலத் தண்ணீரால் குறுக்கே தென்பெண்ணை, கரையில் பச்சைப் புதர்தான் மாந்தோப்பு, வெள்ளை இரும்புச் சுவர் வைத்து எங்கள் வீடு. தண்ணீரில் டேங்க் இறங்காது, குண்டு மட்டும் தாண்டும். ஆற்றுக்கு எங்கே பாலம் விட வேண்டும் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். சுவிட்சை அணைத்தால் ஊரே போய்விடும், மறுநாள் முதலில் இருந்து கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கட்டினோம். கை இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் பாலத்தை விட்டது.

அன்று ராத்திரி 23ஆவது ஸ்டேஜ் வரை போனோம். மொத்தம் 35. வேண்டிய ஸ்டேஜில் இருந்து நேராகத் தொடங்கலாம்தான், ஆனால் சேர்த்த ஸ்டார் வராது. மூன்று ஸ்டார் சேர்ந்தால் குண்டு இரும்பையே உடைக்கும், இரண்டு டேங்கும் அந்த நிலைமையில் இருந்தன. ஒன்பதே முக்காலுக்கு அவன் ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஸ்டார்ட்டை அழுத்தி ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தான், டிவியை மட்டும் அணைத்தோம், பெட்டியை அணைக்கவில்லை. பிளக்கை இன்வெர்ட்டர் பாயின்ட்டுக்கு மாற்றியிருக்கிறேன். யாரும் பிடுங்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி, சுவிட்ச் மேல் காகிதமும் ஒட்டியிருக்கிறேன். இன்று புதன்கிழமை. காலையில் தொட்டுப் பார்த்தேன், அடாப்டர் இளஞ்சூடாக இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.