முதியவர்களுக்குக் காம்போ: எதிர்ப்பாற்றலுக்கு முன்னால் பசியும் விழுங்குதலும்

‘எதிர்ப்பாற்றலை ஏற்றும் ஜப்பானிய மூலிகை’ என்று, ஜப்பானின் மரபு மூலிகை மருத்துவமான காம்போவைப் பலர் எழுதுகிறார்கள். முதியவர்களைப் பொறுத்தவரை அந்த வரி ஆளைத் தவறான இடத்தில் கொண்டு நிறுத்திவிடும். வயது ஏற ஏற நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுகிறது, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்கள் புதிதாக உருவாவது குறைகிறது. எந்தக் கஷாயமும் அதைத் திருப்பித் தராது. சரியாகச் சாப்பிடாமல் எடையும் தசையும் கரைவது, எச்சில் தெரியாமலே மூச்சுக்குழாயில் இறங்குவது, இந்த இரண்டும் சேர்ந்துதான் பல முதியவர்களை நிமோனியாவில் தள்ளுகின்றன. காம்போவுக்கு உண்மையில் வேலை இருப்பது இங்கேதான்.

ஜப்பானில் 148 காம்போ கூட்டுகள், அதாவது மூலிகைக் கலவைகள், தேசிய மருத்துவக் காப்பீட்டுக்குள் வருகின்றன. சோர்ந்த முதியவருக்கு அதிகம் எழுதப்படும் கூட்டுகளில் ஒன்று ஹோச்சூஎக்கித்தோ; ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் எண் உண்டு, மருந்தகங்களில் இதற்கு 41 என்று சொன்னாலே போதும். ஒரு நாளைக்கான அளவில் அஸ்ட்ராகலஸ் வேர், ஜின்செங், சோஜுட்சு கிழங்கு தலா 4 கிராம், தோகி வேர் 3 கிராம், இலந்தை, மாண்டரின் ஆரஞ்சுத் தோல், சைகோ வேர் தலா 2 கிராம், அதிமதுரம் 1.5 கிராம், ஷோமா 1 கிராம், இஞ்சி 0.5 கிராம். சாப்பிட்டதும் கண்ணைச் செருகுவது, கைகால் துவண்டு கிடப்பது, குரலில் தெம்பில்லாதது, உணவில் ருசி தெரியாதது ஆகியவை இதற்குரிய அடையாளங்கள். நல்ல பசியோடு இருப்பவருக்குச் ‘சும்மா தெம்புக்கு’ என்று கொடுப்பதில் அர்த்தமில்லை.

ரத்தசோகை, வறண்ட தோல், வெளிறிய முகம் இருந்தால் 48, ஜூசென்தைஹோத்தோ. இதில் உள்ள ஜியோ வேர் பலவீனமான வயிற்றைக் கெடுக்கும். அதனால் பசியே இல்லாதவருக்கு முதலில் 41-ஐக் கொடுத்து வயிற்றைத் தேற்றிவிட்டு இதற்கு வருவது நல்லது.

விழுங்கும்போது இருமல் வருபவர்களுக்கு 16, ஹாங்கெகோபொகுத்தோ. விழுங்கும் அனிச்சையையும் இருமல் அனிச்சையையும் இது தூண்டுகிறது. மறதிநோய் உள்ள முதியவர்களிடம் நடந்த சிறிய ஆய்வுகளில் நிமோனியா குறைந்தது. அதிமதுரமே இல்லாத கூட்டு என்பது இதன் பெரிய அனுகூலம்.

ஏனென்றால் முதியவர்களிடம் காம்போ கெடுதல் செய்யும் முக்கிய வழி அதிமதுரம். அதிலுள்ள கிளிசிரைசின் குடலில் மாற்றமடைந்து, சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் நொதியைத் தடுக்கிறது. உப்பும் நீரும் தங்கிவிடும், பொட்டாசியம் வெளியேறிவிடும். கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும், தொடை வலுவிழக்கும். அந்தத் தளர்ச்சியை ‘வயசாகிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு இன்னும் தெம்பு மருந்து சேர்ப்பதுதான் மிகவும் வருத்தமான தவறு. 41-இல் உள்ள 1.5 கிராம் தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் கெண்டைக்கால் பிடிப்புக்கு இரவில் ஒரு பொட்டலம் ஷாகுயாகுகன்ஸோத்தோ (68) குடித்தாலே 2 கிராம் கூடிவிடும். அதையே மூன்று வேளையும் குடித்தால் 6 கிராம். ஃபுரோசமைடு போன்ற நீர்ப்போக்கி மாத்திரையும் உண்டென்றால் பொட்டாசியம் வேகமாக இறங்கும், டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு இதயத்துடிப்பே தடுமாறும். எல்லாக் கூட்டிலும் உள்ள அதிமதுரத்தைக் கூட்டிப் பாருங்கள். தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

சளி பிடித்ததும் கக்கொன்தோவை (1) எடுப்பது பலருக்கும் பழக்கம். அதில் மாஓ (எபிட்ரா மூலிகை) 3 கிராம் இருக்கிறது. அதன் எபிட்ரின் இதயத்தைப் படபடக்க வைக்கும், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். வியர்த்துக் களைத்த, மெலிந்த முதியவருக்கு மாஓ கலக்காத கோசோசான் (70) பொருத்தம்.

வறட்டு இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் புதிதாக வந்தால் மருந்தை அன்றே நிறுத்திவிட்டு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 41-க்கும்கூட நுரையீரல் இடைத்திசு அழற்சி அரிதான பக்கவிளைவு. ஃப்ளூ, நியூமோகாக்கல் தடுப்பூசிகளை இந்தக் கூட்டுகளை நம்பித் தள்ளிப்போடவே கூடாது.

குடிக்கும் முறை: வழக்கமான அளவு 2.5 கிராம் பொட்டலம், நாளைக்கு மூன்று, உணவுக்கு முன். உலர்ந்த துகள் பல்செட்டுக்கு அடியில் ஒட்டும், தொண்டையில் சிக்கி இருமலைக் கிளப்பும். வெந்நீரில் நன்றாகக் கரைத்து, வெதுவெதுப்பாக, நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கட்டும். நீர்த்த திரவமே புரையேறுபவருக்கு, கரைசலைக் கெட்டியாக்கும் பொடி கலந்து கொடுங்கள். பல துகள்களில் லாக்டோஸ் சேர்த்திருப்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிறு இளகினால் மூலிகையைக் குறைசொல்லும் முன் அதைப் பாருங்கள். நான்கு வாரத்தில் பசியோ எடையோ அசையவில்லையென்றால் அதே பொட்டலத்தைத் தொடராமல் மருத்துவரிடம் கூட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள்.