திருப்பாலைக்குடியில் மழை, தேவிபட்டினத்தில் புழுதி

ஐப்பசி, கார்த்திகையில் ராமநாதபுரம் கடற்கரைக்குப் போகிறவர்கள் செல்போன் காட்டும் மேகப் படத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மாவட்டம் முழுக்க மழை என்று அது சொல்லும். மழை அப்படிப் பெய்வதில்லை.

தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்துகொண்டிருந்தோம். திருப்பாலைக்குடியில் வைப்பர் போட்டும் ரோடு தெரியாத மழை. கொஞ்ச நேரம் ஓரங்கட்டி நின்றுவிட்டுப் புறப்பட்டோம். தேவிபட்டினத்தை நெருங்கினால் முன்னால் போன டிராக்டர் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது!

அங்கே வரப்பில் நின்ற ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். புரட்டாசியில் புழுதியிலேயே நெல் விதைத்துவிட்டு வானம் பார்த்திருக்கிறார். போன வாரம் ஒரு தூறல். அதை நம்பி விதை முளைத்துவிட்டது. குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கிக் காட்டினார். வேர் வெள்ளையாக இருந்தது. அதில் ஒட்டிய மண் உதறியதும் பொடியாகக் கொட்டியது. "அங்க பெஞ்சதுல கால்வாசி இங்க பெஞ்சா போதும் தம்பி" என்றார். தூறலே இல்லாமல் இருந்திருந்தால் விதையாவது மண்ணுக்குள் கிடந்திருக்கும். பெய்தும் போதாத மழைதான் பெரிய நஷ்டம்.

தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிடும். அதனால் இங்கே வெள்ளாமை வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். அந்த இடிமேகங்களோ பல நேரம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். கரையேறும் முன்பே கடலில் கொட்டிவிடுவதும் உண்டு. தடுத்து நிறுத்த மலையும் கிடையாது, எல்லாம் சமவெளி.

பெய்தால் எப்படிப் பெய்யும் என்பதற்கு 2024 நவம்பர் 20 சாட்சி. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். பாம்பனில் மூன்று மணி நேரத்தில் மட்டும் சுமார் 19 சென்டிமீட்டர். தீவில் வீடுகளுக்குள் தண்ணீர். ஆனால் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பெய்தது அதில் சிறு பங்குதான். இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு 'இந்த வருஷம் நல்ல மழை' என்று சொல்வது எனக்கு ஒப்பவே இல்லை. மிளகாய்ச் செடிக்குச் சராசரியால் என்ன பயன்? தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், வராவிட்டால் வாடும்.

பறவை பார்க்க சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போகிறவர்களும் இதை மனதில் வையுங்கள். தண்ணீர் இருக்கும் கண்மாய்க்குத்தான் பறவை வரும். மார்கழியில் கிளம்பும் முன், எந்தக் கண்மாய் பெருகியிருக்கிறது என்று அந்தந்த ஊர்க்காரர்களிடமே கேட்டுவிடுங்கள். பக்கத்து ஊர்க்காரர் சொல்வதுகூட இந்த விஷயத்தில் சரியாக இருக்காது.