ஸ்பானிஷில் துணி எடுக்கப் பழகுவது: கைவந்ததும் வராததும்

துணிக்கடைக்கு வேண்டிய ஸ்பானிஷ் சொற்கள் ஏராளமில்லை. உடைப் பெயர் முப்பது, நிறம் பத்து, துணிவகை ஐந்தாறு, நூறு வரை எண்கள், கேட்கவும் பதில் சொல்லவும் பதினைந்து வாக்கியம். இவ்வளவு இருந்தால் மாட்ரிட்டில் ஒரு கடைக்குள் போய் ஒரு சட்டையோடு வெளியே வந்துவிடலாம். பட்டியலை மனப்பாடம் பண்ணுவது ஒரு வாரத்து வேலை. வாயில் சரியாக வருவதற்கும், கடைக்காரர் சொல்வது காதில் ஏறுவதற்கும்தான் நாள் பிடிக்கிறது.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஸ்பானிஷின் த நம்முடைய த-தான், ட இல்லை. அளவு என்பதற்கான சொல் ‘தாயா’. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘டாலா’ என்று படிப்பவர்கள் அங்கேயே சறுக்குகிறார்கள். ஆகவே குறிப்பேட்டில் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. உயிரெழுத்துகளுக்கு நடுவில் வல்லின ஒலியை இரட்டித்தும், மென்மையாக வருவதை ஒற்றையாகவும் எழுதினால் ஒலி அப்படியே பிடிபடும். டி-ஷர்ட் ‘கமிஸேத்தா’, பட்டு ‘ஸேதா’, உடை பொதுவாக ‘ரோப்பா’, தள்ளுபடி ‘ரெபாஹாஸ்’. சிறியது என்பதற்கான ‘பெக்கேஞோ’வில் வரும் ஞ-வுக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்தே இல்லை, நமக்கு இருக்கிறது.

இந்த முறை இரண்டு இடத்தில் காலை வாரும். ஒன்று, சொல்லின் முதலெழுத்து. பை ‘போல்ஸா’, தொப்பி ‘கோர்ரா’ இரண்டும் ‘பஸ்’, ‘காந்தி’ என்பவற்றில் வருவதுபோல் அதிர்வோடு வரவேண்டியவை. அப்படிப்பட்ட எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். இரண்டாவதுதான் பெரிய வம்பு. மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினத்தைத் தமிழ் நாக்கு தானாகவே மென்மையாக்கிவிடும். ‘எவ்வளவு’ என்பது ‘குவான்த்தோ’. ‘எப்போது’ என்பது ‘குவாந்தோ’. ‘குவான்த்தோ குவேஸ்தா?’ என்று விலை கேட்க வேண்டியவர், ‘பந்து’ சொல்லும் பழக்கத்தில் ‘குவாந்தோ குவேஸ்தா?’ என்று கேட்டால், எப்போது விலை என்று கேட்டதாக ஆகிவிடும். கடைக்காரர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். ஆனால் இந்தப் பழக்கத்தை விட்டு வைத்தால் காற்சட்டை (பன்த்தலோன்), வெள்ளை (ப்லான்க்கோ), எண்கள் எல்லாவற்றிலும் அதே கதைதான். தீர்வு எளிது: இப்படிப்பட்ட சொற்களில் ‘ன்த்’, ‘ன்க்’ என்று பிரித்தெழுதி, நடுவில் ஒரு நொடி நிறுத்திப் பழகி, பிறகு வேகம் கூட்டுவது.

அட்டைகள் தயாரிக்கும்போது முன்பக்கம் படம், பின்பக்கம் சொல் என்று வைத்தவை மனதில் நின்றன. ஆங்கிலச் சொல்லை எழுதியவை நிற்கவில்லை. பின்பக்கத்தில் சொல்லை மட்டும் எழுதாமல், முன்னால் வரும் ‘எல்’ (ஆண்பாலுக்கு), ‘லா’வையும் (பெண்பாலுக்கு) ஒரு நிறத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்: ‘எல் பெஸ்தீதோ ரோஹோ’ (சிவப்புக் கவுன்), ‘லா கமீஸா ரோஹா’ (சிவப்புச் சட்டை). ஸ்பானிஷில் கவுன் ஆண்பால், சட்டை பெண்பால். யார் உடுத்துவது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிறத்தோடு சேர்த்துப் படித்தால் பால் தனியாக மனப்பாடம் பண்ண வேண்டிய பாடமாக இருக்காது. பச்சை (பேர்தே), நீலம் (அஸூல்), சாம்பல் (க்ரீஸ்) பாலுக்கு மாறாது. பன்மைக்கு மட்டும் மாறும். கருநீலம், ‘அஸூல் மரீனோ’, எதற்கும் மாறாது.

ஒரே நாளில் கமீஸா, கமிஸேத்தா, சக்கேத்தா (ஜாக்கெட்) மூன்றையும் படித்தால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஸப்பாத்தோஸ் (ஷூ), ஸப்பத்தீயஸ் (கேன்வாஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ) ஜோடியும் அப்படித்தான். ஒலி ஒத்தவற்றை வேறு வேறு நாளுக்குத் தள்ளிவிட்டு, ஒரு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வதே மேல். ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘ஸப்பாத்தோஸ்’ முதலெழுத்தை நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துக் காற்றாகச் சொல்வார்கள். ஸ என்றே சொன்னாலும் தவறில்லை. லத்தீன் அமெரிக்கா முழுக்க அப்படித்தான் பேச்சு.

துணிவகைக்குப் புத்தகமே வேண்டாம். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் உடைகளின் உள்பக்க லேபிளில் பல மொழிகளில் விவரம் இருக்கும். திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் கடையில் எடுத்த பனியனைப் புரட்டினாலே ‘அல்கொதோன்’ (பருத்தி) கண்ணில் பட வாய்ப்புண்டு. அதன் பக்கத்தில் ‘எச்சோ என் இன்தியா’வும் (இந்தியாவில் தயாரித்தது) இருக்கலாம். கம்பளி லானா, லினன் லீனோ, தோல் ப்யேல்.

ட்ரையல் ரூமுக்குப் பெயர் ‘ப்ரொபதோரெஸ்’. போட்டுப் பார்க்கலாமா என்று கேட்க, சட்டையானால் ‘மே லா ப்வேதோ ப்ரொபார்?’, கவுனானால் ‘மே லோ’, ஷூவானால் ‘மே லோஸ்’. பால் ஞாபகம் வராவிட்டால் துணியைக் கையில் தூக்கிக் காட்டி ‘ப்வேதோ ப்ரொபார்மே எஸ்தோ?’ என்று கேட்கலாம். எஸ்தோ என்றால் ‘இது’. பால் தொல்லை இல்லை. ஆரம்பக் கட்டத்தில் இந்த ஒரு வாக்கியமே போதும் என்பது எங்கள் கட்சி.

போட்டுப் பார்த்த பின் வரும் பேச்சில்தான் தமிழ் கைகொடுக்கிறது. ‘எனக்குப் பெரிசா இருக்கு’ என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் ‘மே கேதா க்ராந்தே’ என்கிறார்கள். மே என்பது ‘எனக்கு’. எழுவாய் துணி. ‘எனக்குப் பிடிச்சிருக்கு’ என்பதற்கும் ‘மே கூஸ்தா’. ஆங்கிலம் வழியாகப் போய் ‘நான் விரும்புகிறேன்’ என்று யோசிப்பவர்கள் இங்கே நெடுநாள் தடுமாறுகிறார்கள். கவனிக்க வேண்டியது பன்மை மட்டும்: ஷூ இரண்டானதால் ‘மே கேதன் க்ராந்தெஸ்’. நீளம் லார்கோ, குட்டை கோர்த்தோ, தொளதொள அன்ச்சோ, இறுக்கம் எஸ்த்ரேச்சோ. கடைக்காரர் ‘நோ நோஸ் கேதா’ என்றால் பொருத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. சரக்குத் தீர்ந்துவிட்டது என்கிறார். அதே வினைச்சொல் என்பதால் முதலில் குழப்பும்.

அளவுக்கு உடையில் ‘தாயா’, காலணியில் ‘நூமெரோ’. 42 என்ற எண் இரண்டிலும் வரும் என்பதால் இந்த வேறுபாடு தேவை. ஆண்கள் பேன்ட்டுக்கு நம் ஊர் இடுப்பளவோடு சுமார் 10 கூட்டிக்கொள்ளலாம். 32 இடுப்பு அங்கே 42. நம் ஊர் 8-ஆம் நம்பர் ஷூவும் 42. பெண்கள் உடையில் 36, 38, 40 பெரும்பாலும் எஸ், எம், எல். கடைக்குக் கடை மாறும், போட்டுப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். ஸ்பெயினில் வாடிக்கையாளர் கடையைப் பார்த்து ‘தெனெய்ஸ்’ (உங்களிடம் இருக்கா) என்றுதான் கேட்பார்: ‘தெனெய்ஸ் எஸ்தா கமீஸா என் ஊனா தாயா மாஸ்?’ (இந்தச் சட்டை ஒரு அளவு பெரிசில் இருக்கா?)

இன்னும் கைவராதது எண்கள். 60 ‘ஸெஸேன்த்தா’, 70 ‘ஸெத்தேன்த்தா’. வேகமாகச் சொன்னால் நடுவில் ஒரு ஒலிதான் வித்தியாசம். விலையில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அங்கே காற்புள்ளி. 12,50 யூரோவை ‘தோஸே ஸின்க்குவேன்த்தா’ (பன்னிரண்டு ஐம்பது) என்று முடித்துவிடுவார்கள். ஸ்பானிஷ் கடைகளின் இணையதளங்களில் மொழியை ஸ்பானிஷாகவே வைத்துக்கொண்டு ஒரு உட்காரலில் இருபது விலை ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதுவது பலன் தருகிறது. ‘கீயா தே தாயஸ்’ (அளவுப் பட்டியல்), ‘ஸேஸ்தா’ (கூடை), ‘தெபொலுஸ்யோனெஸ்’ (திருப்பித் தருதல்) போன்றவையும் அங்கேயே பழகிவிடும்.

ரெபாஹாஸ் (தள்ளுபடி) வழக்கமாக ஜனவரி 6-ஆம் தேதி வரும் மூன்று அரசர்கள் பண்டிகை முடிந்த கையோடு ஒன்று, கோடையில் ஒன்று. 2012-இல் சட்டம் தளர்ந்த பின் கடைகள் தம் இஷ்டத்துக்கும் வைக்கின்றன. சீட்டில் ‘அன்த்தெஸ்’ பழைய விலை, ‘அஓரா’ புது விலை. கல்லாவில் ‘எஃபெக்த்தீபோ ஓ தர்ஹேத்தா?’ என்றால் ரொக்கமா கார்டா. ‘போல்ஸா?’ என்றால் யோசித்துத் தலையாட்டுங்கள். 2018 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு. குறையில்லாத துணியைக் கடை திரும்ப வாங்கியே ஆகவேண்டும் என்று அங்கே சட்டமில்லை. அதனால் ‘அஸ்தா குவாந்தோ லோ ப்வேதோ கம்ப்யார்?’ (எதுவரை மாற்றிக்கொள்ளலாம்?) என்று கேட்டுவிடுவது நல்லது. இங்கே மென்மையான ‘குவாந்தோ’தான் சரி.

பேரம் கடையில் நடக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்ரிட்டில் கூடும் எல் ராஸ்த்ரோ போன்ற சந்தையில் ‘மே லோ தேஹா என் தியேஸ்?’ (பத்துக்குத் தருவீங்களா?) கேட்டுப் பார்க்கலாம்.

லத்தீன் அமெரிக்கா போகிறவர் உடைப் பெயர்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். டி-ஷர்ட் மெக்சிகோவில் ப்லயேரா, அர்ஜென்டினாவில் ரெமேரா, சிலியில் பொலேரா. ஜாக்கெட் மெக்சிகோவில் சமார்ரா. சக்கேத்தாவுக்கு அங்கே கொச்சைப் பொருளும் உண்டு. ஸ்பெயினில் ‘எடுத்துக்கொள்’ என்பதற்குச் சாதாரணமாகச் சொல்லும் ‘கொஹேர்’ மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. எடுத்துக்கொள்கிறேன் என்பதற்கு ‘மே லோ யேபோ’ என்று பழகிவிட்டால் எந்த ஊரிலும் தொந்தரவில்லை.