எஃப்.டி. வைத்து கிரெடிட் கார்டு வாங்கினேன்

எனக்குச் சம்பளம் கிடையாது, படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் சாதாரண கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. வங்கி கார்டு தராவிட்டாலும், விசாரித்த பதிவு மட்டும் நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். 18 வயது முடிந்து பான், ஆதார் இருந்தால் எஃப்.டி.யை, அதாவது வங்கியில் போடும் நிரந்தர வைப்பை, ஈடாக வைத்துக்கொண்டு கார்டு தருகிற வங்கிகள் இருக்கின்றன. டியூஷன் எடுத்துச் சேர்த்ததில் 20,000 ரூபாய் போட்டேன், அதில் 80 சதவீதம், அதாவது 16,000 லிமிட் கிடைத்தது. எஃப்.டி.க்கு வட்டி வழக்கம்போல வரும், ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. "கட்டாமப் போனா என்னடா ஆகும்?" என்று அம்மா கேட்டார். அந்த எஃப்.டி.யிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

கார்டு வந்ததும் முதலில் ஆப்பைத் திறந்து ஏ.டி.எம். வசதியை அணைத்தேன். கிரெடிட் கார்டில் ரொக்கமாக எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. ஆன்லைன் வரம்பையும் 5,000 ரூபாய்க்குக் குறைத்து வைத்தேன்.

அப்புறம் ஆட்டோ டெபிட், அதாவது பில் தொகையை நம் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் வசதி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். மொத்த பாக்கியா, குறைந்தபட்சத் தொகையா என்று இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மொத்தத்தைத்தான் தேர்வு செய்ய வேண்டும். என் ரூம்மேட் 10,000 ரூபாய் பில்லுக்குக் குறைந்தபட்சமான 500ஐ மட்டும் கட்டிவிட்டு, "அதான் கட்டிட்டேனே, மச்சி" என்று நிம்மதியாக இருந்தான். 500 கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மீதி 9,500க்கு மாதம் 3.5 சதவீதம் என்றாலே 330 ரூபாய்க்கு மேல், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. இதைவிட மோசம், பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், 45 நாள் 50 நாள் வட்டியில்லை என்று சொல்லி விற்றார்களே, அந்தச் சலுகையே போய்விடும். அடுத்த பில்லைப் பார்த்துவிட்டு அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது, யாரும் அவனுக்கு இதை முன்பே சொல்லவில்லை.

நான் மெஸ் பில், ரீசார்ஜ், ஊருக்குப் போகிற பஸ் டிக்கெட் தவிர எதற்கும் கார்டைத் தொடுவதில்லை. லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன், கடனை எப்படிக் கையாள்கிறோம் என்பதற்குப் போடும் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோருக்கு அது நல்லது. செலவு செய்த அன்றே அதே தொகையை இன்னொரு கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட் கணக்குக்கு மாற்றிவிடுவேன், அதனால் பில் தேதியில் பதற்றம் இல்லை.

சில மாதம் கழித்து சிபில் நிறுவனம் தரும் என் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், பெயர், பான் எண், நீங்கள் வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், தப்பு இருந்தால் அவர்கள் இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம்.